ஓரத்தில் மின்னும் சிவப்பு

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், நேரத்துக்குத் தூங்குகிறேன். இந்த மூன்றில் ஒன்று பொய், எது என்று உனக்கே தெரியும். நீயும் மச்சானும் சுகம்தானே? உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

போன் பண்ணியிருக்கலாம். ஆனால் நீயும் நானும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் அடிதடி. அப்பா காரியம் முடிந்த கையோடு, இனி போன் பேச்சே கிடையாது என்று போட்ட ஒப்பந்தத்தை நான் மீறத் தயாராக இல்லை. கடிதத்தில்தான் நாம் இருவரும் மனிதர்களாக இருக்கிறோம்.

சேதி இதுதான். பெரிய டிவி வாங்கிவிட்டேன். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வாரம் முழுக்க ஐம்பது வாண்டுகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு சுகம் வேண்டாமா? வாங்கின அன்றே ‘கோட்டைக் காவலன்’ என்ற வீடியோ ஆட்டத்தைப் போட்டேன். ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. என்னைக் கேட்டால் அது சுத்த மோசடி. மதில் மேல் நின்று அம்பு விட வேண்டும். எதிரே வருபவனை நான் விடுவதில்லை. ஆனால் பக்கத்திலிருந்து ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து குத்திவிடுகிறான். முன்னறிவிப்பே கிடையாது. ஆடுகிறவனுக்கு ஒரு சைகை காட்ட வேண்டாமா? இதைச் செய்தவன் ஆடிப் பார்க்காமலேயே விற்றுவிட்டான் போல. கார்ப் பந்தயம் ஒன்றும் வாங்கினேன். அதிலும் இதே கதை, முந்திப் போகிற கார் வானத்திலிருந்து குதிக்கிறது. என் மதிப்பெண் இரண்டுக்கும் பூஜ்யம்.

மச்சானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


பிப்ரவரி 23

என் அருமைச் சாம்பியனுக்கு,

அக்காவின் ஆசிகள். கழுத்து வலி என்னோடு குடித்தனம் நடத்துகிறது, வாடகைதான் தருவதில்லை. உன் மச்சான் சுகம். நீ தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும், அதை நான் கண்டுபிடிக்க வேண்டாம்.

உன் விமர்சனத்தை உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்னாளாம்” என்று சிரித்தார். எனக்கும் அதேதான் தோன்றியது. சின்ன வயதில் தோற்றுப்போனால் பலகையைக் கவிழ்த்துவிட்டு ஓடுகிறவன்தானே நீ? அந்த ஆட்டத்தை அனுப்பு. எங்கள் வீட்டிலும் அதே அளவு டிவி இருக்கிறது, உன் மச்சான் அதன் முன்னால் தூங்குவதற்காக வாங்கியது. போன வருடம் நீ விட்டுப்போன பழைய ஆட்டப் பெட்டியில் அது ஓடும்தானே? நான் ஆடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன்.

இங்கே ஒரு சின்னக் கலவரம். உன் மச்சான் முக்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டார். நான் அதில் இடித்து முழங்கால் வீங்கிப்போனது. நான் போட்ட சத்தத்தில் மாடியில் இருப்பவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். “உங்கப்பாவேதான் நீ, ஒரு பொருளை நகர்த்த விட மாட்டேங்கிற” என்கிறார். இருக்கட்டுமே, அப்பா வளர்த்த வளர்ப்பு.

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வாயேன். சாயங்கால ரயில் எட்டு மணிக்கு இங்கே வருகிறது. மச்சானை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் அனுதாபம், முக்காலிக்கு என் வாழ்த்துகள். நான் நலம். ‘கோட்டைக் காவலன்’ இத்துடன் வருகிறது. ஆடிப் பார், பிறகு கூடம் கோணலா இல்லையா என்று பேசலாம்.

இன்னொன்றும் ஆடினேன், பேய் விடுதி. கையில் ஒரு லாந்தரோடு அறை அறையாகப் போக வேண்டும். ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் உள்ளே சாமான்கள் இடம் மாறியிருக்கும். பேய் வரட்டும், பரவாயில்லை. ஆனால் இருந்த இடத்தில் நாற்காலி இல்லை என்றதும் எனக்கு நிஜமாகவே உடம்பு வேர்த்துவிட்டது. அரைமணி நேரத்தில் அணைத்துவிட்டேன். அப்பா இருந்தால் அந்த விடுதிக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். “வெச்ச இடத்துல வெச்ச சாமான் இருக்கணும்” என்று அவர் கத்துவது இன்னும் காதில் கேட்கிறது. என் வீட்டிலும் அப்படித்தான். ஒரு செருப்புகூட இடம் மாறாது.

உனக்கு நினைவிருக்கிறதா, மேலிருந்து செங்கல் விழும், அடுக்க வேண்டும், உள்ளங்கை அளவு பெட்டி? அதைத் தூசி தட்டி எடுத்தேன். ஆட்டம் என்றால் அது. எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது, ஒளிவு மறைவு இல்லை. பத்துக்குப் பத்து. பெரிய டிவி வாங்கினதே தப்போ என்று தோன்றுகிறது.

வருகிறேன், ஆனால் பகல் ரயிலில். இருட்டில் வந்து இறங்குவது எனக்கு ஒத்துவராது. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். நான் என்ன வழி தெரியாத பச்சைப்பிள்ளையா?

உன் தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். கையை நீட்டு, குலுக்குகிறேன். நீ சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை!

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆடினேன். அது என்ன அநியாயம்? எதிரே வருகிறவனைக் குறி பார்த்து அடிக்கிறேன், அந்த நேரம் பார்த்து எவனோ இடுப்பில் குத்துகிறான். வலது பக்கமும் சரி, இடது பக்கமும் சரி, ஒரு அறிகுறி உண்டா? ஒன்றும் இல்லை. நான் பத்தொன்பது வருடமாக ஒரு துளி ரத்தத்தில் ஒளிந்திருக்கிற கிருமியைக் கண்டுபிடிக்கிறவள். என் கண்ணுக்கே தெரியாத அறிகுறியா?

உன்னைக் கிண்டல் செய்ததற்கு வருத்தம் தெரிவிக்கிறேன். பத்திரப்படுத்தி வை, இப்படி ஒரு வாக்கியம் என்னிடமிருந்து மறுபடி வராது.

உன் அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு பேர் சொன்னால் அது வழக்கு! கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டேன், உன்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறேன். நான் நலம், நீங்கள் நலமாக இருங்கள்.

இங்கே ஒரு தொல்லை. பள்ளி வாசலில் இடது பக்கத் தூணில் பேருந்தின் கண்ணாடி இடித்து நொறுங்கிவிட்டது. இது இரண்டாவது தடவை. தூண் வைத்தவனுக்கு அறிவே இல்லை, இவ்வளவு பெரிய வண்டி போகிற வழியில் யாராவது தூண் வைப்பானா? வண்டியில் துணைக்கு வரும் ஆயாம்மா, “கண்ணைப் பிடரியிலயா வெச்சிருக்கே?” என்று கத்துகிறாள். அவளுக்கு வாய் நீளம்.

இருக்கட்டும். ஒரு கால்பந்து ஆட்டம் வாங்கினேன். பரவாயில்லை, ஆனால் பக்கவாட்டில் நிற்கிற நம் ஆட்களைக் காட்டுவதே இல்லை. ஐந்து மதிப்பெண்.

மச்சானுக்கு வணக்கம்.

உன் தம்பி


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன ஆயிற்று? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? மச்சான் நலமா? போன் பண்ணலாமா என்றுகூட யோசித்தேன். அந்த அளவுக்குப் பயந்துபோயிருக்கிறேன் என்று புரிந்துகொள்.

உன் தம்பி


மே 28

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேலை அதிகம். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ எப்படி இருக்கிறாய்? தலைவலி எதுவும் உண்டா? உன்னிடம் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், வண்டி ஓட்டும் வேலையிலேயேதான் இருக்கப் போகிறாயா? பள்ளியில் அலுவலக வேலை ஏதாவது கிடைக்காதா? உனக்கும் வயது நாற்பதை நெருங்குகிறது. கொஞ்ச நாள் லீவு போட்டுவிட்டு இங்கே வா. வரும்போது ஒரு கண் மருத்துவரையும் பார்த்துவிடலாம், சும்மா.

ஆட்டம் எதுவும் ஆடவில்லை. பெட்டியைக் கட்டி மேலே வைத்துவிட்டேன்.

உன் அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

நான் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சும்மா எதற்குக் கண் மருத்துவர்? என் கண்ணுக்கு என்ன? லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கடைசி வரி எழுத்துவரை கடகடவென்று படித்தேன். அந்த அம்மாவே பாராட்டினாள்.

போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், அதனால் எழுதுகிறேன். சாயங்காலம் ஒரு நிறுத்தத்தில் சில குழந்தைகளை இறக்கிவிட்டுக் கிளம்புகிறேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்று, இறங்கிப் போனவள்தான், டப்பாவைக் கீழே தவறவிட்டாளோ என்னவோ, இடது பக்கமிருந்து வண்டிக்கு முன்னால் திரும்பி வந்திருக்கிறாள். ஆயாம்மா அலறினாள். நான் மிதித்த மிதியில் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் முன் சீட்டில் போய் மோதிக்கொண்டார்கள். இறங்கிப் பார்த்தால் அந்தக் குழந்தை சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. சாப்பாட்டு டப்பா சக்கரத்துக்கு அடியில் தகடாகக் கிடக்கிறது. அவள் அழவேயில்லை. “அம்மா திட்டுவாங்க, டப்பா போயிடுச்சு” என்றாள், அவ்வளவுதான்.

ஆனால் என் தப்பு இல்லை அக்கா, சத்தியமாக. அவள் எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. அந்தக் கோட்டை ஆட்டத்தில் வருவானே, அதே மாதிரி. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வந்தாள்.

புது டப்பா வாங்கிக் கொடுத்துவிட்டேன். மச்சானிடம் சொல்லாதே.

உன் தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

நேற்று ஒப்பந்தத்தை மீறிப் போன் பண்ணினேன். “அப்பா” என்று ஆரம்பித்ததுமே நீ வைத்துவிட்டாய். நலம் விசாரிக்க எனக்கு இன்று தெம்பு இல்லை. நான் மறைத்ததை எழுதுகிறேன், கிழித்துப் போடாமல் படி.

நீ புகார் எழுதிய சேதி வந்த அன்று, கம்பெனிக்கு இன்னும் பலமாக எழுதலாம் என்று அந்த ஆட்டத்தை மறுபடி போட்டேன். உன் மச்சான் வழக்கம்போல் சோபாவில் அரைத் தூக்கம். நான் குத்துப்பட்டுக் கத்தினேன். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, “அதான் ஓரத்துல சிவப்பா மின்னுதே, திரும்ப வேண்டியதுதானே?” என்றார். எங்கே என்றேன். எழுந்து போய் டிவியின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். அவர் விரலே எனக்குத் தெரியவில்லை. தலையைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது, விரலும், அதன் கீழே திரையின் ஓரம் முழுக்கப் பளிச் பளிச்சென்று சிவப்பும். ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் அது மின்னியிருக்கிறது. முதல் நாளிலிருந்து மின்னியிருக்கிறது. ஆட்டத்தில் ஒரு கோணலும் இல்லை.

அன்று ராத்திரி அப்பாவை நினைத்தேன். விளக்கு வைத்த பிறகு ஏன் அவர் வாசலைத் தாண்டவே மாட்டார்? பக்கத்தில் வைத்த தண்ணீரை ஏன் தினமும் தட்டிவிடுவார்? நாற்காலி நகர்ந்தால் ஏன் அப்படிக் கத்துவார்? நாம் கோபக்காரர் என்று நினைத்தோம். அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நாமும் அவர் சொன்னபடியே வீட்டில் எதையும் நகர்த்தாமல் வாழ்ந்ததால், நமக்கும் அதே வந்திருப்பது நமக்கே தெரியவில்லை.

மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஒரு ஆட்டம் ஆட வைத்தார்கள். உன் பாணியில் விமர்சனம் எழுதுகிறேன். தாடையை ஒரு தாங்கியில் வைக்க வேண்டும், ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். எதிரே வெள்ளையாக ஒரு குழிந்த திரை, நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. அதை விட்டுப் பார்வை நகரக் கூடாது. சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கதை கிடையாது, பாட்டு கிடையாது, இரண்டாவது உயிர் கிடையாது. முடிந்ததும் ஒரு தாள் கொடுக்கிறார்கள். என் தாளில் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் வெள்ளை. சுற்றிலும் கறுப்பு. கண்ணுக்குள் இருக்கிற திரை ஓரத்திலிருந்து தேய்ந்து வருகிறதாம். கடைசி வரி எழுத்து யாருக்கு வேண்டுமானாலும் தெரியும், அது நடுவில்தானே இருக்கிறது?

ஏப்ரலிலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன். உனக்குச் சொன்னால் எனக்கும் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். அந்த டப்பா என் மௌனத்தால்தான் நசுங்கியது.

வண்டியில் ஏறாதே. கெஞ்சுகிறேன். நீ சொல்லாவிட்டால் பள்ளிக்கு நான் சொல்வேன். உன் பேருந்தோடு நீ எடுத்து அனுப்பிய போட்டோவில், வண்டியின் பின்பக்கம் பள்ளியின் போன் நம்பர் இருக்கிறது.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

உனக்கு வந்தால் எனக்கும் வந்தாக வேண்டுமா? ஏப்ரலில் “நூற்றுக்கு நூறு உண்மை” என்று எழுதினதும் நீதான், அந்தக் கடிதம் என் கையில் இருக்கிறது. இந்தச் சக்கரத்தை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? பதினாறு வருடத்தில் ஒரு குழந்தைக்குக் கீறல் விழுந்ததில்லை. இன்று காலையும் ஓட்டினேன், ஐம்பது பேரும் பத்திரமாக இறங்கினார்கள்.

பள்ளிக்குப் போன் பண்ணினால் எனக்கு அக்கா இல்லை என்று வைத்துக்கொள்.


ஜூன் 23

தம்பிக்கு,

உன் கடிதம் பதினோரு மணிக்கு வந்தது. பதினொன்றேகாலுக்குப் பள்ளிக்குப் போன் பண்ணிவிட்டேன்.

சாப்பிடு. தூங்கு. நான் இருக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன்.

நீ போன் பண்ணிய அன்றே சாவியை வாங்கிக்கொண்டார்கள். மருத்துவரின் கடிதம் கொண்டுவந்தால் திரும்பத் தருவதாகச் சொன்னார்கள். ஒரு மாதம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். சுவரைப் பார்த்துத் திட்டினேன், பெரிய டிவியைப் பார்த்துத் திட்டினேன். பிறகு உன் முகத்தில் கரி பூச வேண்டும் என்றே மருத்துவமனைக்குப் போனேன். ஆட்டத்தில் ஜெயித்துக் கடிதம் வாங்கி, அதை உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவதாகத் திட்டம்.

தாடையை வைத்தேன். மஞ்சள் புள்ளியைப் பார்த்தேன். பொத்தானில் கட்டைவிரல் தயார். முதலில் நாலைந்து வெளிச்சம் வந்தது, டக் டக்கென்று அழுத்தினேன். இவ்வளவுதானா என்று நினைத்தேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். இயந்திரம் மட்டும் உள்ளே கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நின்றுபோய்விட்டதோ என்று நினைத்து, பார்வையை நகர்த்தாமல், “எப்பங்க ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெண், “ஓடிட்டுதாங்க இருக்கு. பாதிக்கு மேல முடிஞ்சிடுச்சு” என்றாள்.

அக்கா, எனக்கு அந்த நிமிடம் ஞாபகம் வந்தது சாவி இல்லை, வேலை இல்லை. அந்த ஐம்பது வாண்டுகள். பதினாறு வருடமாக எத்தனை பேர் என் வண்டியின் இடது பக்கமும் வலது பக்கமும் நடந்துபோயிருப்பார்கள்! எத்தனை நாளாக எனக்கு இப்படி என்றுகூடத் தெரியவில்லை. அந்தப் பெண்தான் நாற்காலியிலிருந்து பிடித்து எழுப்பினாள்.

என் தாளும் உன் தாள் மாதிரிதான், வட்டம் உன்னுடையதைவிடச் சின்னது. இந்த ஆட்டத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. நேர்மையான ஆட்டம், அதை மட்டும் சொல்ல வேண்டும். பள்ளியில் ரசீது எழுதும் வேலை ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். யோசிக்க ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. தனியாக இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். பகல் ரயிலில் இடம் இல்லை, சாயங்கால ரயில்தான் கிடைத்தது. வந்து சேரும்போது இருட்டிவிடும். மச்சானை ஸ்டேஷனுக்கு அனுப்பு. எனக்குப் பக்கவாட்டில் வந்து நிற்க வேண்டாம், நேர் எதிரே வந்து நிற்கச் சொல். கையைப் பிடித்துக் கூட்டிப் போகச் சொல்.

உன் தம்பி